தகரத் தடுப்புக்கு அப்பால்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், வயலும் ஏரியுமாயிருந்த தென்புறத்துக் கிராமங்கள் படிப்படியாகப் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. வீடுகள் பெருகினால் கழிவும் பெருகுவது இயல்புதானே!

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்தை நோக்கி நாம் சென்றபோது, மனைகள் பலவற்றின் முகப்பில் தகரத் தடுப்பும் பச்சை வலைத்துணியும் கண்டோம். மறைப்பு வெகு நேர்த்தி! ஆனால் மேம்பாலத்தின் மீது ஏறியதும் உட்புறம் தெரிந்துவிட்டது: இடித்த சுவரின் செங்கல், துருப்பிடித்த இரும்பு, பழைய டயர்கள், டயர்களுக்குள் மழைநீர்.

மறைப்பது தவறென்று நாம் கூறவில்லை. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, முக்கியப் பெருஞ்சாலைகளுக்கு 1,000 அடிக்குள் உள்ள காயலாங்கடைகளை வழிப்போக்கர் கண்ணில் படாமல் மறைக்கவோ அகற்றவோ வேண்டுமென்று விதித்தது. அது சாலையின் அழகைக் கருதிச் செய்த ஏற்பாடு. நமக்கோ அழகினும் பெரிய கவலை உண்டு. டயரில் தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளர்கிறது. தகரம் அதைத் தடுக்குமா? சாலையில் செல்வோர் காணாத தீங்கு, அடுத்த வீட்டுக் குழந்தையை அல்லவா அண்டுகிறது!

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களைத் திறந்தவெளியிலேயே பரப்புகிறார்கள். ஜனங்கள் விரும்பி வாங்கிச் செல்கிறார்கள். மனைக்காரர்களும் விற்கக்கூடியதை விற்று, டயர்களைக் கூரையின் கீழ் வைத்து, அதன்பின் எஞ்சியதைத் தகரத்தால் மறைப்பார்களாக.