மாங்காயும் நங்கூரமும்

கிளாஸ்கோ விமான நிலையம் கிளாஸ்கோவில் இல்லை. பக்கத்திலிருக்கும் பேஸ்லி என்ற ஊரின் ஓரத்தில் இருக்கிறது. இது எங்களுக்குத் தெரியவே எட்டு மாதம் ஆனது. ஜனவரி மழையில், நான்கு பெட்டிகளும் தூங்கி வழியும் ஆறு வயது மகளுமாக வந்து இறங்கியவர்களுக்கு, எந்த ஊர் மண்ணில் கால் வைக்கிறோம் என்ற யோசனையெல்லாம் எங்கே வரும்?

நகரின் தென்பகுதியில், செம்மணற்கல்லில் கட்டிய பழைய நான்கடுக்கு வீட்டில் ஒரு குடித்தனம் வாடகைக்குக் கிடைத்தது. எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே படிக்கட்டு. பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாகப் புல்தரை. மழை விட்டால் அங்கே கொடி கட்டித் துணி காயப்போடலாம். ஆகஸ்டில் ஒருநாள் அபூர்வமாக வெயில் எட்டிப் பார்த்தது. பெட்டியின் அடியில் கிடந்த அம்மாவின் அரக்குப் பட்டைக் காற்றாட நிழலில் விரித்தேன். கீழ்வீட்டுப் பாட்டி தன் கொடியை விட்டுவிட்டு அருகில் வந்தார். எண்பதை நெருங்குகிறவர்.

"அழகான பேஸ்லி, ஹென்" என்றார்.

இந்த ஊரில் பெண்களைப் பிரியமாக அழைக்கும் சொல் அது, 'கண்ணு' என்பதுபோல. எனக்கு உறைத்தது மற்ற சொல்தான், புடவை பார்டரில் இருந்த வடிவத்துக்கு அவர் சொன்ன பெயர். "இது மாங்காய்" என்றேன். அவர் பார்டரை விரலால் தடவிப் பார்த்து, "எங்கள் ஊரில் இதைப் பைன் என்போம், பைன் மரத்துக் காய்" என்றார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரவு படுக்கையில் கேட்டாள்: "அம்மா, அதை முதல்ல வரைஞ்சது யாரு?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க எனக்கு மனமில்லை. கோலத்தில் போட்டது, மாங்காய் மாலையில் கழுத்தில் கிடந்தது, மருதாணியில் கையில் சிவந்தது. இதை வேறொருவர் ஊரின் பெயரால் என் மகள் கற்றுக்கொள்வதா? சனிக்கிழமைகளில் மிட்செல் நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கே கிடைத்தது நான் தேடிப்போன பதில் அல்ல. 17-ஆம் நூற்றாண்டு, முகலாயர் காலத்துக் காஷ்மீர் சால்வையின் முந்தியில் இருந்தது ஒற்றைப் பூச்செடி. வேர் தெரியும், இலை தெரியும், உச்சியில் பூ ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த நூற்றாண்டில் செடி பூங்கொத்தாக அடர்ந்தது. கொத்தைச் சுற்றி ஒரு வரம்பு வந்தது. சாய்ந்திருந்த பூ, வளைந்த நுனியாக நின்றுவிட்டது. பாரசீகத்தில் இதற்குப் பெயர் போதே, வடநாட்டில் பூட்டா. படித்துக்கொண்டிருந்தவள் அங்கேயே நிமிர்ந்துவிட்டேன். பட்டுக்கடையில் "உடம்பெல்லாம் புட்டா போட்டது" என்று எடுத்துப் போடுவார்களே, அந்தப் புட்டா! மாங்காய் என்பது நாம் பார்த்த பார்வை. பைன் காய் என்பது அவர்கள் பார்த்த பார்வை. அது பிறந்தபோது பூச்செடி.

பெயர் எப்படி மாறியது என்பதற்கு வியாபாரம்தான் விடை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது காஷ்மீர் சால்வை கொண்டுவந்தார்கள். சீமாட்டிகளுக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்தது, விலையோ எட்டவில்லை. எடின்பரோவிலும் நாரிச்சிலும் தறிக்காரர்கள் அதைப்போல நெய்து பார்த்தார்கள். பேஸ்லி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இதில் இறங்கியது. இறங்கியபின் மற்ற ஊர்களை முந்திவிட்டது. காஷ்மீரில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சின்னக் குச்சியில் நூல் சுற்றி, அந்தந்த இடத்தில் மட்டும் கோத்து நெய்வார்கள். ஒரு சால்வைக்கு மாதக்கணக்கு, சிலவற்றுக்கு வருடக்கணக்கு. பேஸ்லியில் ஊடையைக் குறுக்கே முழுக்க ஓட்டி, பின்பக்கம் தொங்கிய நூலை வெட்டி எறிந்தார்கள். சீக்கிரம் முடிந்தது, மலிவாக விற்றது. பூச்செடியைப் பரம்பரையாகப் பேணியவர்களின் ஊர் மறைந்து, நகலெடுத்த ஊரின் பெயர் உலகமெங்கும் நிலைத்தது. இது அநியாயம் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கோபத்தோடுதான் பேஸ்லிக்கு ரயிலேறினேன், கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு. கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து பத்து நிமிடச் சொச்சம்.

பழைய நெசவாளர் வீடுகள் சிலவற்றை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பெயர் ஸ்மா ஷாட் காட்டேஜஸ். ஸ்மா ஷாட் என்றால் சின்ன ஊடை. வண்ண ஊடைகளைப் பாவோடு சேர்த்துப் பிடிப்பது அந்த மெல்லிய நூல்தான். அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துபோகும். ஆனால் முகப்பில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது என்றார்கள் முதலாளிகள். நெசவாளர்கள் அந்த நூலைத் தங்கள் காசில் வாங்கிப்போட்டு நெய்தார்கள். நெடுங்காலம் போராடி, 1856-ல் கூலியை வாங்கினார்கள். இன்றும் ஜூலை முதல் சனிக்கிழமை பறையடித்து ஊர்வலம் போய், முதலாளியின் உருவபொம்மையை எரிக்கிறார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1865-ல், ஸ்ரீநகரில் சால்வை நெசவாளர்கள் வரிக்கொடுமை தாங்காமல் திரண்டு வந்தார்கள். மகாராஜாவின் படை அவர்களைத் தாக்கியது, பலர் செத்தார்கள். இரண்டு ஊரிலும் ஒரே பூட்டாவை நெய்தவர்கள். என் கோபம் நெசவாளியின்மேல் போகவேண்டியது இல்லை என்று அந்தச் சின்ன வீட்டில், தறிக்கு முன்னால் நின்றபோது புரிந்தது.

1870-களில் பாவாடையின் பின்பக்கத்தை உப்ப வைக்கும் மோஸ்தர் வந்தது. பெரிய சால்வை அதன்மேல் நிற்கவில்லை. பேஸ்லியின் சால்வைத் தறிகள் ஓய்ந்தன. ஆனால் அதற்குள் ஊருக்கு வேறு பிழைப்பு அமைந்திருந்தது: தையல் நூல்.

இந்தக் கதையைச் சொன்னவர் கீழ்வீட்டுப் பாட்டி. திரும்பி வந்த மறுநாள் மகளின் சட்டைப் பித்தானைத் தைக்க, அம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். ஊசி, கத்தரி, நாலைந்து எம்பிராய்டரி நூல்கண்டு. தேநீர் குடிக்க வந்தவர் ஒரு கண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காகிதப் பட்டையில் நங்கூரம்.

"ஆங்கர்" என்றார். "பதினைந்து வயதில் இந்த மில்லில் சேர்ந்தேன்."

1806-ல் நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்தபோது, தறியின் விழுதுக்குக் கட்டும் பட்டு நூல் பேஸ்லிக்கு வரவில்லை. பேட்ரிக் கிளார்க் பருத்தியை முறுக்கிப் பட்டுபோல வழுவழுப்பாக்கினார். அந்த நூல் தைக்கவும் உதவியது. 1812-ல் ஒயிட் கார்ட் ஆற்றங்கரையில் கிளார்க் குடும்பத்தின் ஆலை வந்தது. பின்னாளில் அது ஆங்கர் மில். ஊரின் மறுகோடியில், 1826-ல் கோட்ஸ் குடும்பத்தின் ஆலை. 1896-ல் இரண்டும் ஒன்றாயின.

கோட்ஸ் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. நான் மதுரை ஹார்விபட்டிக்காரி. தாத்தா ஹார்வி மில்லில் நூற்றவர். சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பாபநாசத்தில் தாமிரபரணி விழும் வேகத்தைக் கொண்டு ஆலை ஓட்டியவர்கள், பிறகு தூத்துக்குடி, மதுரை என்று பரவினார்கள். 1974-ல் அவர்களின் மதுரா மில், கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. அந்த மதுரா கோட்ஸின் நூல்தான் அம்மாவின் டப்பாவில் இருந்த ஆங்கர். எந்தப் பொருளைச் சந்தேகமே இல்லாமல் மதுரைச் சரக்கு என்று நினைத்திருந்தேனோ, அதன் நங்கூரம் பேஸ்லியிலிருந்து வந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பாட்டியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். 1886-ல் கட்டிய செங்கல் மாளிகை ஆற்றோரம் நிற்கிறது, இப்போது குடியிருப்பும் அலுவலகங்களுமாக. பேஸ்லியில் நூல் உற்பத்தி 1993-ல் நின்றுவிட்டது. ஆலைக்குப் பக்கத்திலேயே ஆறு பாறைகளில் இறங்கி இரைகிறது. அந்த இரைச்சலைக் கேட்டபடி பாட்டி பேசாமல் நின்றார். நான் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"பாபநாசம் மாதிரியே இருக்குடி" என்றாள் அம்மா. பிறகு, "அங்க இப்போ நூல் ஓடலையாமா?"

"இல்லம்மா."

"அப்ப அந்தம்மா எதை வச்சுத் தைக்கிறாங்க?"

கேள்வியை மகள்தான் பாட்டிக்கு மொழிபெயர்த்தாள். பாட்டி போனுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், அம்மாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்: மதுரைக்குப் போகும்போது சிவப்பில் இரண்டு கண்டு, பச்சையில் ஒன்று வாங்கி வரவேண்டுமாம்.