ஸ்கந்தாசிரமத்தில் ஒரு முற்பகல்

ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் பந்துக்களிடையே ஒரு பெயர் உண்டு. எந்த வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் என்னைத்தான் முன்னே தள்ளிவிடுவார்கள். அந்தப் பெயரை நம்பியே என் சிநேகிதர் ஒருவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துச் சென்றேன். மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய தாயார் காலமாகிவிட்டார். கடைசி இரண்டு வருஷ காலம் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் ஏதோ நிலத் தகராறு, அது கிடக்கட்டும்.

பஸ் திண்டிவனத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தேன். கீதை, திருக்குறள், பட்டினத்தார் ஒருவரையும் விடவில்லை. சிநேகிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செஞ்சிக் கோட்டை கண்ணில் படுவதற்குள் என் கையிருப்பெல்லாம் தீர்ந்துபோயிற்று.

மறுநாள் காலை ரமணாசிரமத்தின் பின்புறமாக மலையேறினோம். கல் பாவிய பாதை. அரை மணி நேரம் நடந்தால், ஒரு திருப்பத்தில் அருணாசலேசுவரர் ஆலயம் முழுவதும் கீழே விரிகிறது. இருநூற்றுப் பதினேழு அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரம் கொலுப் பொம்மையைப் போல் நிற்கிறது! அங்கிருந்து சிறிது தூரத்தில், மர நிழலும் சுனை நீருமாக இருக்கிறது ஸ்கந்தாசிரமம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வசித்த இடம். அவருடைய அன்னை அழகம்மாளும் உடன் இருந்தார். அந்த அம்மையார் உயிர் நீத்ததும் இங்கேதான்.

அந்தத் தாய் பிள்ளையைத் தேடி வந்த கதையை நேயர்கள் கேட்டிருக்கலாம். பதினாறு வயதில் மதுரையை விட்டு ஓடி வந்தவர் மகரிஷி. 1898-ஆம் வருஷக் கடைசியில், இதே மலையின் கிழக்கே பவழக்குன்றில் அவரைக் கண்டு, வீட்டுக்கு வரும்படி நாள் கணக்காய் மன்றாடினார் அன்னை. பிள்ளை வாய் திறக்கவில்லை. அருகிலிருந்தவர் காகிதமும் பென்சிலும் நீட்ட, நடப்பது விதிப்படி நடக்கும், மௌனமே நலம் என்ற கருத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் வருவதுண்டு. பெற்றவள் கண்ணீர் விடும்போது ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? அவருக்குப் பேச வராமல் இல்லையே! பிற்காலத்தில் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அன்பர்களோடு பேசியவர்தானே?

அன்னையின் அறை மிகச் சிறியது. 1922-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி, காலை முதல் இரவு வரை ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், அன்னையின் மார்பில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தபடி மகன் உட்கார்ந்திருந்தார். அன்றும் உபதேசம் எதுவும் இல்லை. உயிர் அடங்கும் வரையில் கையை எடுக்கவில்லை. பவழக்குன்றில் கல்லாகத் தோன்றிய அதே மௌனந்தானா இது? எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் பழைய கோபம் அந்த வாசற்படியில் எங்கோ நழுவிவிட்டது.

சிநேகிதரும் நானும் உள்ளே உட்கார்ந்தோம். ஊரின் மோட்டார் சத்தம் மெல்லிதாக மேலே வந்தது. முதல் கால் மணி நேரம், சொல்ல வேண்டியவற்றை நான் மனத்துக்குள் கோத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதுவும் ஓய்ந்தது. அப்போதுதான் பக்கத்தில் அவர் மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவது காதில் விழுந்தது. பஸ்ஸிலும் அது அப்படியேதான் வந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது, கோபுரம் தெரிகிற அந்தத் திருப்பத்தில் அவர் நின்றார்.

"மாசி மாதத்தில் அம்மா டெலிபோனில் கூப்பிட்டாள், ஸார். மணி அடித்து ஓய்கிற வரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை."

பொருத்தமான குறள் ஒன்று என் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கை முறுக்கு சுற்றும் விதத்திலிருந்து தொடங்கினார்.

திரும்பி வருகையில், பஸ் செஞ்சியைத் தாண்டிய பிறகும் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.