பாட்டனாரின் கணக்குப் புத்தகம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, மாணவப் பருவத்தில் நான் செய்த குறும்புகளுள் அச்சிலேற்றத் தக்கது எது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. ஆகவே, நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதத் தொடங்கப்பெற்ற ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதனை எழுதியவர் புலவர் அல்லர். உடப்பில் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருந்த என் பாட்டனார்.

அதனைத் தேடி எடுக்கக் காரணமாயிருந்தவன் என் மாணவன் ஒருவன். ஒருநாள் வகுப்பிலே பழைய காலத்து அளவைப் பெயர்களை விளக்கிக் கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து இருபத்தைந்து சதத்துக்குக் கிடைத்தது என்றேன். "ஐயா, அப்படியானால் அது பொற்காலம் அல்லவா?" என்றான் அவன். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், மண்ணெண்ணெய்க்காகத் தந்தையோடு வரிசையில் நின்ற பிள்ளை அவன். அவனுக்கு வேறென்ன தோன்றும்? விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குச் சென்று பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன்.

நீண்டு ஒடுங்கிய புத்தகம். சிவப்புத் துணி அட்டை. உப்புக் காற்றில் பழுத்த தாள்கள். 1960 ஜூலையில் தொடங்கி 1964 ஜனவரியில் முடிகின்றது. முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஒரு செய்தி: "பண்டாரநாயக்கா அம்மையார் பிரதமர் ஆனார். உலகிலேயே முதற் பெண் என்கிறார்கள்." அதற்கும் கீழே, "மண்ணெண்ணெய் இரண்டு போத்தல், கடன்." உலகச் செய்தியும் உள்ளூர்க் கடனும் ஒரே பென்சிலால் எழுதப்பெற்றிருந்தன. புத்தகம் முழுவதும் இவ்வண்ணமே.

வீட்டில் எழுவர். ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து. பதினான்கு கொத்து அரிசிக்கு மூன்று ரூபா ஐம்பது சதம். அப்பணம் சங்கக் கடைக்குச் சென்றதை வாரந்தோறும் பாட்டனார் குறித்திருக்கின்றார். அவர் கடையிலோ தேங்காயெண்ணெய், மிளகாய், சீனி, புளி, சுருட்டு ஆகியன விலையாயின. விலையாயின என்பதைவிட, கடனாயின என்பதே பொருந்தும். உடப்பு கரைவலைக் கிராமம். தென்மேற்குப் பருவக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை கரையிலே கிடக்கும். அம்பாப் பாடல் கேட்காது. அடுப்பு மட்டும் எரிந்தாக வேண்டும். அம்மாதங்களில் கடை, கடனிலேயே நடக்கும். கடல் அமைந்து மீன் பட்டால் கடன் தீரும். படாவிட்டால் அடுத்த ஆண்டுப் பக்கத்துக்கு ஏறும்.

1962ஆம் ஆண்டில் ஓர் இடத்தில், "அரிசியில் கை வைக்கப் போகிறார்களாம்" என்று எழுதியிருக்கின்றார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்திலே பங்கீட்டு அரிசியைக் குறைக்க முற்பட்ட நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா, எதிர்ப்பினால் அதனைக் கைவிட்டு, ஓகஸ்ட் மாதத்தில் பதவியையும் துறந்தார். அரிசியில் கை வைப்பதன் ஆபத்தை இந்நாடு 1953ஆம் ஆண்டு ஹர்த்தாலிலேயே கண்டிருந்தது. ஒரு கொத்து இருபத்தைந்து சதம் என்பது சந்தை விலையன்று. அரசு திறைசேரியிலிருந்து இறைத்து நிறுத்தி வைத்த விலை. 1966 டிசெம்பரில் அந்த இரண்டு கொத்து, இலவசமான ஒரு கொத்தாகச் சுருங்கியது.

இனிப் பொழுதுபோக்கு. ஆடி மாதத்துத் தீமிதிப்பு விழாவுக்குத் திரௌபதை அம்மன் கோயிலுக்குக் கொடுத்த எண்ணெயும் கற்பூரமும் ஆண்டுதோறும் கணக்கில் உள்ளன. சிலாபத்துக்குப் பேருந்தேறிப் படம் பார்க்கச் சென்றது நான்கு ஆண்டுகளில் இரண்டே முறை. 1961இல் வெளிவந்த பாசமலர் படத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருக்கின்றார். பேருந்துக் கட்டணம், நுழைவுச் சீட்டு, கடலை எனத் தனித்தனியே எழுதிவிட்டு, இறுதியில், "எல்லோரும் அழுதோம். செலவு சரி" என்று முடித்திருக்கின்றார். இதைவிடச் சுருக்கமான திரைப்பட விமரிசனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

வானொலிப் பெட்டி அவரிடம் இருக்கவில்லை. எதிரேயிருந்த தேநீர்க் கடையின் பற்றரி வானொலியே ஊர் முழுவதற்கும் காதாக விளங்கியது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்புத் தமிழ்நாட்டிலும் விரும்பிக் கேட்கப்பட்ட காலம் அது. 1960 செப்டெம்பர் முதல், "வானொலிக்கு ஒதுக்கியது ரூபா 5" என மாதந்தோறும் ஒரு வரி வருகின்றது. வாங்குவதற்கு முன்னரே அவர் செய்திகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். 1961 டிசெம்பரில், "விண்ணில் பறந்த உருசியர் ககாரின் கொழும்பு வந்திருக்கிறார்" என்கின்றார். 1963 நவெம்பர் 23, சனிக்கிழமை, "அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார்கள். இரண்டு சிறு பிள்ளைகள். கடையில் ஒருவரும் பேசவில்லை. சீனி 2 இறாத்தல், கடன்." டலஸ் நகரில் நண்பகல் கடந்து அரைமணி நேரத்தில் கென்னடி சுடப்பட்டபோது இங்கே சரியாக நள்ளிரவு. உடப்பு உறங்கி விழித்துக் கேட்ட செய்தி அது.

அந்த அமெரிக்காவின் வாழ்க்கையை இந்தப் புத்தகத்தின் அருகே வைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. அங்கும் முதியோர் அறுபதுகளை எண்ணிப் பெருமூச்சு விடுகின்றனராம். கடிதத்துக்கான முத்திரை 4 சதம். 1963 ஜனவரியில்தான் 5 சதமாயிற்று. ஒரு கலன் பெற்றோல் ஏறத்தாழ 30 சதம். 1960இலேயே பத்து வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதில் தொலைக்காட்சி இருந்தது. நமது நாட்டிலோ தொலைக்காட்சி 1979இல்தான் தொடங்கிற்று. சட்டம் விதித்த மிகக் குறைந்த கூலி, 1961 செப்டெம்பர் முதல் மணிக்கு 1 டொலர் 15 சதம். அக்காலத்தில் ஒரு டொலர் நமது பணத்தில் 4 ரூபா 76 சதம். ஆகவே அங்கே கடைநிலைத் தொழிலாளி ஒருவரின் ஒரு மணிநேரக் கூலி ஏறக்குறைய 5 ரூபா 47 சதம். பாட்டனார் வீட்டில் எழுவர் ஒரு வாரம் உண்ட பங்கீட்டு அரிசியின் விலை 3 ரூபா 50 சதம்.

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது அம்மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "அப்படியானால் மலிவு என்பது பொருளில் இல்லை ஐயா, வாங்குகிறவர் கையில் இருக்கிறது" என்றான். நான் மெச்சினேன். பாடம் அத்துடன் முடிந்ததென்றே கருதினேன். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

1961 டிசெம்பரில் வானொலிக்கென ஒதுக்கிய வரி நின்றுவிடுகின்றது. பதினாறு மாதங்களில் சேர்ந்தது எண்பது ரூபா. அதன் கீழே, "வானொலி பிறகு பார்க்கலாம்." அடுத்த மாதம், "மகன் கல்லூரி விடுதி, முதல் தவணை, ரூபா 90." அந்த மகன் என் தந்தையார், அந்தக் கல்லூரி நம் கல்லூரி. கல்வி 1945 முதல் இலவசமாயினும், விடுதியில் உண்ணும் சோறு இலவசமன்று. அடுத்த தவணை கடை வரவிலிருந்து சென்றது. அதன்பின் ஒவ்வொரு விடுதிப் பணத்துக்கும் பக்கத்திலே ஒரு வரவு காணப்படுகின்றது: "காப்பு ஒரு சோடி, ஈடு." "அட்டியல், ஈடு." 1963 செப்டெம்பரில், "கொடி, ஈடு."

கடைசிப் பக்கம் 1964 ஜனவரி. "மகன் கல்லூரிக்குப் போக மறுத்தான். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. படிப்பில் மனமில்லை போலும். விடுதிக்கு வைத்த 90 ரூபாவுக்குக் கொடி மீட்டேன்." அத்துடன் புத்தகம் முடிகின்றது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தையார் படிப்பில் விருப்பமின்றிப் பாதியில் நின்றவர் என்பதே எங்கள் குடும்பத்தில் வழங்கிய கதை. நானும் அதனை நம்பினேன். நம்பியது மட்டுமன்று, ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்றுச் சான்றிதழுடன் வந்த நாள்முதல், படிப்பில் அசட்டையாயிருக்கும் மாணவர்களிடம், "என் தந்தையைப் போலப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள்" என்று எத்தனையோ முறை கூறியிருக்கின்றேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையிலிருந்த தந்தையாரிடம் சென்றேன். அட்டையைக் கண்டதும் அவர் அறிந்துகொண்டார்.

"கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டாயா, தம்பி?"

"வந்துவிட்டேன், அப்பா. ஏன் மறுத்தீர்கள்?"

அவர் உடனே விடை கூறவில்லை. கடலைப் பார்த்தவாறே மெல்லச் சொன்னார். அந்த டிசெம்பர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததாம். கேட்டதற்கு, "கொடி அறுந்துவிட்டது, மகன், திருத்தக் கொடுத்திருக்கிறது" என்றாராம். சில நாள்களில் பாட்டனார் காய்ச்சலாய்ப் படுக்க, கணக்கெழுதும் வேலை பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வந்தது. முந்திய பக்கங்களைப் புரட்டினார். காப்பைக் கண்டார், அட்டியலைக் கண்டார், கொடியையும் கண்டார்.

"அந்த ஆண்டு மீனும் சரியாகப் படவில்லை. கடன் வாங்கியவர்களை ஐயா நெருக்கியிருந்தால் பணம் வந்திருக்கலாம். அவர் நெருக்கமாட்டார். அடுத்த தவணைக்கு விற்க வீட்டில் வேறு ஒன்றும் இருக்கவில்லை."

"பாட்டனாரிடம் அதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால், எப்படியாவது என்னை அனுப்பியிருப்பார். உங்கள் இல்லாமையைப் பார்த்துவிட்டேன் என்று பெற்ற தகப்பனுக்கு எப்படிச் சொல்வது? படிப்பில் மனமில்லாதவன் என்ற பெயர் எனக்கு அவ்வளவு பாரமாயிருக்கவில்லை, தம்பி."

பாட்டனார் அதனை அறியாமலே மறைந்தார். தந்தையார் அக்கடையிலேயே இருந்து, அப்பெயரோடு வாழ்ந்து, பல்லாண்டுகளுக்குப் பின்னர் என்னை இதே கல்லூரியின் விடுதியிலே சேர்த்தார். அன்று பணத்தைக் கட்டிவிட்டு, அவர் நெடுநேரம் விடுதி முற்றத்திலே நின்றுகொண்டிருந்தமை எனக்கு நினைவிருக்கின்றது. பேருந்துக்காகக் காத்து நிற்கின்றார் என்று அந்நாளில் எண்ணியிருந்தேன்.

ஒரு கொத்து அரிசி இருபத்தைந்து சதம். விடுதி தொண்ணூறு ரூபா. சீனி இரண்டு இறாத்தல் கடன். இவையெல்லாம் விலைகள். இவற்றைப் புத்தகம் தவறாது சொல்கின்றது. அவற்றுக்காக யார் எதனை இழந்தார் என்பதில் மட்டும் அது தவறிவிட்டது. ஒரு சதமும் பிசகாமல் கணக்கெழுதிய பாட்டனார், தம் மகனைப் பற்றி எழுதிய ஒரே வரியில் பிசகிவிட்டார். அதையே படித்துப் பட்டம் சூட்டிய நானும் பிசகினேன்.

இப்பொழுதும் நம் வகுப்புகளில் திடீரென்று வருகை நின்றுபோகும் பிள்ளைகள் உளர். கரையோரப் பள்ளிகளில் கற்பிப்போர் இதனை நன்கறிவர். இடாப்பிலே அவர் பெயருக்கு எதிரே ஒரு சுழியை இடுவதும், "படிப்பில் மனமில்லை" என்று தீர்த்துவிடுவதும் எளிது. ஆசிரிய நண்பர்களே, பழைய மாணவர்களே, அவ்வாறு எழுதுமுன் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறிப் பாருங்கள். அங்கே தாயின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கக்கூடும். விழாக்களுக்கு நாம் செலவிடுவதில் ஒரு பங்கு, பெயர் வெளிவராமல், அத்தகைய பிள்ளை ஒருவரின் தவணைப் பணமாகுமாயின், நம் கல்லூரிக்கு அதனினும் சிறந்த விழா இல்லை.

என் மாணவர்களிடம் தந்தையாரைப் பற்றி நான் கூறியதை வகுப்பில் திருத்திவிட்டேன். அச்சிலும் திருத்தவேண்டுமென்று தோன்றியமையால் இக்கட்டுரை எழுந்தது. அவர் படிப்பில் மனமுள்ளவர். பதினைந்து வயதில் ஒரு கணக்கைச் சரியாகப் படித்தவர்.