கண் திறந்திருந்தது; வலி தெரியவில்லை!

"ஐயோ, பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டதே!"

மூதாட்டியின் அலறல் கேட்டு, அவசர சிகிச்சைப் பிரிவே திரும்பிப் பார்த்தது. நாம் பார்த்தது மூதாட்டியை அல்ல. கட்டிலில் கிடந்த பதினான்கு வயதுப் பாலகனை, நம் தங்கை மகனை!

மிதிவண்டியிலிருந்து விழுந்து, முன்கை எலும்பு முறிந்து, கை வளைந்து தொங்க, அவனைக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். தொட்டால் துடித்தான், தொடாதபோதும் துடித்தான். இளம் பெண் டாக்டர் ஒருவர் அவன் சிரையிலே ஊசி மருந்தை மெல்லச் செலுத்தினார். ஒரு நிமிடம் சென்றிருக்கும். கதறல் நின்றது. ஆனால், கண் மூடவில்லை! விழிகள் திறந்தபடி, தொலைவில் எதையோ தேடுவன போல் இப்படியும் அப்படியும் அசைந்தன. முறிந்த எலும்பை டாக்டர் இழுத்து நேராக்குகிறார். பையன் முகம் சுளிக்கவில்லை. மூச்சோ சீராக வருகிறது!

"முச்சந்தியில் விழுந்தானே, அங்கேதான் பிடித்திருக்கிறது. பூசாரியைக் கூப்பிடுங்கள்" என்றார் மூதாட்டி, தங்கையின் மாமியார்.

அவரை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம். மேடை ஏறினால் பேயில்லை, பிசாசில்லை என்று முழங்கும் நாமும் அந்த நொடியில் நடுங்கினோம். பேய் என்று எண்ணவில்லை. பிள்ளை போய்விட்டானோ என்று எண்ணினோம். தம் புரியாமைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார் மூதாட்டி; நமக்கு அந்தப் பெயரும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை!

டாக்டர் சினக்கவில்லை. "அம்மா, உங்கள் பேரன் இங்கேதான் இருக்கிறான். உடம்பு சொல்லும் சேதி அவன் மனத்துக்கு எட்டாதபடி, கொஞ்ச நேரம் கதவைச் சாத்தியிருக்கிறோம். தானே திறக்கும். அவன் விழிக்கும்போது கேட்கும் முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும், பக்கத்திலே உட்காருங்கள்" என்றார். மூதாட்டி உட்கார்ந்தார். நாமும் உட்கார்ந்தோம் — அவர் பாட்டியாக, நாம் மாணவனாக.

மருந்தின் பெயர் கீட்டமின். 1962இல், அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக, கால்வின் ஸ்டீவன்ஸ் என்னும் வேதியியலார் ஆக்கியது. 1964இல் எட்வர்ட் டொமினோவும் குந்தர் கோர்சனும் மிச்சிகன் சிறைவாசிகளிடம் அதனைச் சோதித்தனர். சிறைப்பட்டவனின் உடலில் சோதனை நடத்திய காலம் அது. அதையும் மறைக்காது சொல்வதே அறிவுக்கு அழகு. விழித்த கண்ணும் உணராத உள்ளமுமாய் மனிதர் கிடந்த நிலைக்கு, 'தொடர்பறுத்த மயக்கம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியவர் டொமினோவின் துணைவியார். 1970இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்திலே காயம்பட்டோருக்குப் பயன்பட்டது. 1985 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது.

ஏன் இத்தனை சிறப்பு? மார்பின் போன்ற மருந்துகள் வலியைத் தணிக்கும். அளவு மிகுந்தால் மூச்சையும் தணித்துவிடும். குருதி இழந்தவனின் இரத்த அழுத்தத்தையும் வீழ்த்தக்கூடும். கீட்டமினோ, பெரும்பாலும் மூச்சை நிறுத்துவதில்லை. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். சிரை கிடைக்காவிடில் தசையிலும் போடலாம். நசுங்கிய வண்டிக்குள் சிக்கிய மனிதனுக்கு, மருத்துவமனை வந்து சேருமுன்பே, சாலையோரத்திலேயே துயர் துடைக்கும் துணை அது.

சாலை என்ன, குகையிலும் துணை நின்றது! 2018 சூன் திங்களில், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையிலே, பன்னிரண்டு சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிறைப்பட்டனர். நீருக்கடியில் நெடுந்தூரம் இருட்டில் இழுத்து வரவேண்டும். வழியில் ஒருவன் மிரண்டால் அவனும் மடிவான், மீட்பவனும் மடிவான். ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ், வேறு மருந்துகளோடு கீட்டமினும் தந்து அவர்களை மயக்கினார். வழியில் மயக்கம் தெளியத் தொடங்கினால், மூழ்கு வீரரே மீண்டும் ஊசி போட்டனர். சூலை 8, 9, 10 — மூன்றே நாளில் பதின்மூவரும் உயிரோடு வெளிவந்தனர்!

ஆனால், தோழர்களே, மருந்தைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். 2019 ஆகஸ்டில், அமெரிக்காவின் அரோரா நகரில், குற்றமேதும் செய்யாத 23 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் மடக்கினர். கழுத்தை இறுக்கி, விலங்கிட்டு அடக்கினர். அவருக்குக் 'கொந்தளிப்பு வெறி' என்றொரு நோய்ப் பெயரைச் சூட்டி, ஆம்புலன்ஸ் ஊழியர் 500 மில்லிகிராம் கீட்டமினைச் செலுத்தினர். அவர் எடைக்கு அது மிகை. நெஞ்சு நின்றது, சில நாளில் உயிர் பிரிந்தது. ஊழியர் இருவரும் குற்றவாளிகளென 2023இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே, அந்த 'வெறி'க்கு ஆதரவாக 2009இல் தான் ஏற்ற அறிக்கையை, அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி கைவிட்டது.

முச்சந்திப் பேய்க்கும் அந்த 'வெறி'க்கும் என்ன வேறுபாடு? ஒன்று பூசாரி மொழி பேசிற்று. மற்றொன்று மருத்துவ மொழி பேசிற்று. ஆராயாமல் சூட்டிய பெயர் இரண்டும்! முன்னது பாட்டியின் அச்சத்தில் பிறந்தது. பின்னதோ ஆளைக் கொல்லத் துணை நின்றது. ஆகவே, வெள்ளைச் சட்டை அணிந்து வருவதாலேயே எதுவும் பகுத்தறிவாகிவிடாது. அளவு என்ன, எடை என்ன, மூச்சைக் கவனிப்பவர் யார் — இவற்றைக் கேட்பதே பகுத்தறிவு.

சற்று நேரம் சென்றது. பையன் விழிகள் நிலைபெற்றன.

"பாட்டி, எப்போது எலும்பைச் சேர்ப்பார்கள்?" என்றான்.

"சேர்த்துவிட்டார்களடா, கண்ணே!" என்றார் மூதாட்டி. பூசாரியை அவர் மறந்திருந்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக் கேட்டாரே ஒரு கேள்வி, அதை நாம் மறவோம்:

"அந்த மருந்துக்குப் பேர் என்னம்மா?"

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் முந்திக்கொண்டார்.