கண்ணன் பாதம்

கோகுலாஷ்டமிக்கு அம்மா பாதம் போடும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, நீர்க்கக் கரைத்துக்கொள்வாள். கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றுவாள். வலக்கை வலப்பாதம், இடக்கை இடப்பாதம். மடித்த விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள குழிவு தரையில் படாது. அதுவே உள்ளங்கால் வளைவாகிவிடும். பிறகு விரல்நுனியால் ஐந்து பொட்டு, பெருவிரலுக்கு மட்டும் சற்றுப் பெரிதாக. வாசலிலிருந்து பூஜை அறைவரை குழந்தை நடந்து வந்துவிடும்.

அந்த வளைவை நான் கூர்ந்து பார்ப்பேன். எனக்குத் தட்டைப் பாதம். குளித்துவிட்டு நடந்தால் சிமெண்டுத் தரையில் ஈரச்சுவடு முழுதாகப் படியும். ஆனால் நடை பழகும் குழந்தைகள் எல்லாருக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்பு மெத்தென்று நிறைந்திருக்கும். தசைநார் இறுகி வளைவு தெரிய ஆறேழு வயதாகும். சிலருக்குப் பத்துகூட ஆகும். வெண்ணெய் திருடிய வயதில் கண்ணனும் தட்டைப் பாதத்தோடுதான் ஓடியிருப்பான். இதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

வளைவு தாழ்ந்த பாதம் நடக்கையில் உள்பக்கம் சாயும். பாரம் பெருவிரலின் ஓரத்தில் இறங்கும். என் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடிமூட்டு வெளியே புடைத்து நிற்கிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, முனை குறுகிய காலணிக்கும் பங்குண்டு. ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வு 1958இல் வெளிவந்தது. காலணி அணிந்து பழகியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. வெறுங்காலில் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான்.

தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குகிறேன். விரல்களை மடக்காமல், பாதத்தின் முன்பகுதியைக் குதிகால் பக்கம் இழுத்து நிறுத்துகிறேன். உள்ளங்காலின் சின்னத் தசைகளுக்கு இது நல்ல வேலை. சாய்ந்த விரல் இதனால் நிமிராது. ஆனால் மாலையில் கால் வலி குறைகிறது. மூட்டு வலிக்கும் நாளில் நடைக்குப் பதில் சைக்கிள். காலணி வாங்கப் போகுமுன் காகிதத்தில் பாதத்தை வைத்துக் கோடு இழுத்துக்கொள்கிறேன். அந்தக் கோட்டுக்கு உள்ளே அடங்கிவிடுகிற காலணி எனக்கு வேண்டாம்.

புடைப்புக்கு மட்டுமல்ல, தட்டைப் பாதத்துக்கும் காலணியோடு தொடர்புண்டு. மணிப்பால் மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடமே அதிகம்.

பிள்ளைக்கு வலி இல்லையென்றால் தட்டைப் பாதத்துக்காகக் கலங்காதீர்கள். ஆறு வயதுவரை வீட்டிலும் சுத்தமான முற்றத்திலும் வெறுங்காலோடு ஓடவிடுங்கள். பள்ளிக்கு ஷூ வாங்கும்போது ஐந்து விரலும் விரிந்து நிற்க இடமிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.