பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி

வெளியூரில் பிழைக்கிற நம் வீடுகளில் இப்போது ஒரு அம்மாவோ, மாமனாரோ வந்து சேர்ந்திருப்பார்கள். ஊரில் தனியாக விடமுடியாது. இங்கே இருப்பதோ ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். பெரியவரை எங்கே படுக்கவைப்பது என்று எல்லாரும் யோசிக்கிறோம். அவரைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கே உட்கார்ந்து மூச்சு விடுவார்?

எங்களுடையது நாக்பூர் கதை. அம்மாவுக்கு 78. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபின் கும்பகோணத்திலிருந்து அழைத்து வந்தோம். முதலில் கவனித்தது பாத்ரூம். வழுக்காத ரப்பர் மேட், ராத்திரி முழுக்க எரிகிற சின்ன பல்பு, கமோடு பக்கத்தில் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. (துண்டு மாட்டுகிற கம்பி ஆள் எடையைத் தாங்காது மக்களே, நல்ல போல்ட் போட்டுப் பதிக்கச் சொல்லுங்கள்.) அப்புறம் கட்டில். உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் பதியணும், முட்டி இடுப்பைவிட மேலே போகக்கூடாது. எங்கள் கட்டில் தாழ்வு. கார்பெண்டர் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து 4 அங்குலம் தூக்கினார்.

பின்னாடி அறைதான் அமைதி என்று நான் ஆரம்பித்ததுமே, "என்னை உள்ள தள்ளிடாதடா, வாசல்ல யார் வரா போறான்னு தெரியணும்" என்றாள் அம்மா. ஹாலை ஒட்டிய அறையே அவளுக்கு. குக்கர் விசில் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி!

மே மாசம் இங்கே 45 டிகிரி. கூலர் போட்டால் அது எழுப்புகிற இரைச்சலில் அம்மா கூப்பிடுவது சமையலறைக்குக் கேட்காது. ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, பட்டனைத் தலையணையோடு நாடா போட்டுக் கட்டினோம். அதில் வருகிற பாட்டு மண்டையைக் குடையும், அது வேறு விஷயம் :-)

இப்போது தங்கமணி. ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்திருக்கவேண்டும், பகலில் சமையல், பிசியோ, மாத்திரை. ஜூனில் அவளுக்கு பி.பி. 150/100. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். எனக்குப் பகீரென்றது.

அன்றைக்கே பால்கனியைக் காலி செய்தோம். பழைய பேப்பர், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் போயிற்று. ஒரு பிரம்பு நாற்காலி, கால் நீட்ட ஒரு முக்காலி, வெயிலுக்கு மூங்கில் தட்டி. பகல் 3லிருந்து 4 வரை அது அவள் இடம். அந்த ஒரு மணி நேரம் பெல் அடித்தால் பெண் போவாள், இல்லையென்றால் வேலைக்கு வருகிற பாயி. வெள்ளி, சனி ராத்திரி அம்மா அறையில் மடக்குக் கட்டில் போட்டு நான். (2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு ரெண்டாவது, நாலாவது சனி லீவு. அதற்கு இப்படி ஒரு உபயோகம்!)

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நான் கூப்ட்டா அவ வரமாட்டாளோ?" முதல் வாரம் தினமும் மூணேகாலுக்கு பெல். தண்ணி வேணும், போர்வை வேணும். பாதி எழுந்த தங்கமணியை, "நீ உக்காரும்மா" என்று பெண் தடுத்தாள். எனக்கு ரெண்டு பக்கமும் புரிந்தது. ஆனால் தங்கமணி விழுந்துவிட்டால் அம்மாவுக்கு யார்? அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூணேகாலுக்கு அடிக்கும்.

அலைச்சலைக் குறைப்பதும் ஓய்வுதான். 70 வயது தாண்டியவர்களுக்கு அடிப்படை வங்கிச் சேவையை வீட்டுக்கே வந்து தர ஏற்பாடு செய்யும்படி 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கிளையில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்குப் படியேற வேண்டாம், ஜீவன் பிரமாண் இருக்கிறது. செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும்.

டிரான்ஸ்ஃபர் லிஸ்டில் இந்த முறை என் பேர் வரலாம். எந்த ஊரானாலும், வீட்டு புரோக்கரிடம் லிஃப்ட் இருக்கா என்பதோடு பால்கனி இருக்கா என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறாள் தங்கமணி. கிழக்குப் பார்த்து இருந்தால் நல்லதாம், மத்தியானம் வெயில் அடிக்காது.