அஞ்சாவது கோடு

நைனா செத்துப் பதினோரு வருஷம் கழித்துத்தான் அந்த வாட்ச் என் கைக்கு வந்தது. தகரப் பெட்டியில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில், ஒரு சுருக்குப் பைக்குள் அம்மா போட்டு வைத்திருந்தது. எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுத்து ஓட்டுகிற வாட்ச். 1961ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் அரசாங்கம் ஆரம்பித்த ஆலை அது. 2016ல் கடிகாரத் தொழிலையே மூட அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. சாவியைத் திருகினேன். இறுகி நின்றது.

நைனா மீட்டர்கேஜ் லைனில் கேங்மேன், பிற்பாடு கீமேன். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை போச்சு. 1977ல் ஜனதா ஆட்சி வந்து, போனவர்களை மறுபடி எடுத்தார்கள். அதற்கப்புறம் வாங்கின வாட்ச். கட்சிப் பேருக்காகவா வாங்கினாய் என்று கேட்டால், "வெல கொறச்சல்னு வாங்கனண்டா" என்பார். நடுவில் மூணு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது அம்மாவின் நடவுக் கூலி.

கடலூரில் ஒரு பாய் இன்னும் சாவி வாட்ச் பார்க்கிறார். முதுகு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஒங்க வாப்பா இதக் கையில கட்டலியா தம்பி?"

கட்டினார் என்றேன்.

"கையில கட்டுனா முதுகுதான் அரிக்கும். இதுல முன் விளிம்பு, பக்கவாட்டு எல்லாம் முலாம் போயிருக்கு. சாவி ஓட்ட வழியா ஈரம் எறங்கி டயல் பழுத்துப் போச்சு பாருங்க. மடியில வெச்சிருந்திருக்காரு."

எனக்குச் சுரீரென்றது. பார்த்திருக்கிறேன், மறந்தும் போயிருக்கிறேன். ரயிலடியிலிருந்து வந்தால் ஊர்த்தெருவுக்கு முன்னால் ஒரு மதகு. அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார், வாட்சைக் கழற்றி வேட்டி மடிப்பில் சொருகுவார். ஊர்த்தெரு தாண்டிச் சேரிக்குள் வந்தபிறகு இரண்டும் மறுபடி ஏறும். தினம் இரண்டு நடை. சின்னப் பிள்ளைக்கு அது மூக்கைச் சிந்துகிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் போட்ட எட்டுத் தடைகளில் நகை உண்டு, சட்டை உண்டு, குடை உண்டு, செருப்பு உண்டு. வாட்ச் இல்லை. அன்றைக்குச் சேரியில் எவனிடமும் வாட்ச் இருக்காது என்று விட்டிருப்பார்கள்.

பாய் சொன்னது: மெஷினைப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து, மெயின் ஸ்பிரிங் மாற்றினால் ஓடிவிடும். டயல்தான் பிரச்சினை. மூணிலிருந்து அஞ்சுவரை பழுப்பாய்ப் படர்ந்திருக்கிறது. ஈரப் பஞ்சு வைத்தால்கூட எழுத்து வந்துவிடும். பாதி வேலை என்பதே கிடையாது. ஒன்று அப்படியே விடணும், இல்லையென்றால் மொத்தப் பெயின்டையும் சுரண்டிவிட்டுப் புதுசாய் அடித்து அச்சுப் போடணும். "மும்பைலேர்ந்து வருது, கம்பெனி போடாத கலரெல்லாம் போட்டு. வேணும்னா வெள்ளையே போட்டுத் தர்றேன்" என்றார்.

சுரண்டக்கூடாது என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. அந்தக் கறை சாட்சி. இருந்தாலும் அம்மாவைக் கேட்கலாமென்று வந்தேன்.

"சொரண்டு" என்றது அம்மா, யோசிக்காமல்.

ஏன் மடியில் வைத்தார் என்கிற கதையை அன்றைக்குத்தான் முழுசாய்ச் சொன்னது. நடவு வயல் ரயில் மேட்டுக்குப் பக்கத்தில். பொழுது சாயும்வரை கரையேற விடமாட்டார்கள். வாட்ச் வாங்கின புதுசில், லைன் பார்த்துத் திரும்புகிற நைனா மேட்டில் நின்று, "அஞ்சாயிடுச்சு!" என்று கத்துவார். பொம்பளைகள் நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறுவார்கள். நாலு நாள் நடந்தது. அஞ்சாம் நாள் ஊர்த்தெருவில் மறித்துக் கேட்டார்கள்: "சேரிக்கு எதுக்குடா மணி? வானத்துல பொழுது இல்ல?" கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். நைனா, "இல்ல ஆண்டே" என்றாராம். மறுநாளிலிருந்து மடி.

"வெவரம் தெரிஞ்சவரு. சங்கத்துல நின்னவரு. அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டு வந்து சோறு திங்கல. அந்தக் கறைய நீ கையில கட்டிக்கினு ஊருக்குக் காட்டப் போறியா? அது அவுரு ஒளிச்சு வெச்சதுடா. அஞ்சுக்குத்தான் அம்மாஞ் சண்டை. அந்த அஞ்சே தெரியல அதுல. புதுசாப் போட்டு அஞ்சு தெரியற மாதிரி கட்டு."

எனக்குப் பதில் இல்லை. எழுதுகிறவனுக்குக் கறை வேண்டும். அந்தக் கறை ஊறினபோது பக்கத்தில் இருந்தவளுக்கு அது வேண்டாம். சாட்சி, ஆவணம் என்றெல்லாம் பேசுகிறோமே, யாருடைய அவமானத்தை யாரைக் கேட்டு ஆவணமாக்குகிறோம்? இரண்டு வாரம் இழுத்தேன். கடைசியில் டயலைத் தொடவேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். அம்மா பேச்சை மீறித்தான் செய்தேன். சுரண்டிவிட்டால் பிற்பாடு மனசு மாறினாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, விட்டால் எப்போது வேண்டுமானாலும் சுரண்டலாம் என்பது மட்டும்தான் எனக்குக் கிடைத்த நியாயம். அம்மாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. மூணு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாட்ச் இப்போது ஓடுகிறது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, முள்ளு பார்க்கத் தெரியும். நைனா கற்றுக் கொடுத்தது. சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில் என் கையை இழுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்க்கிறது.

"எங்கடா அஞ்சு?"

விரலைப் பிடித்து வைத்துக் காட்டுகிறேன். இன்னும் திட்டுகிறது.